பி வரிசைக்கு வந்த மாற்றல்கள்

ஆசிரியர் பயிற்சி வகுப்பு ஒன்றில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஓர் இளம் ஆசிரியை எழுந்து கேட்டார்: "டீச்சர், பிள்ளை சாப்பிடாம வந்திருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? கேட்டா சொல்ல மாட்டேங்குதே?"

முப்பத்து நான்கு வருடம் வகுப்பறையில் நின்றவள் நான். எடுத்துக்காட்டுகளோடு சொன்னேன். முதல் பீரியடில் தெரியாது, மூன்றாவது பீரியடில் தெரிந்துவிடும். அடிக்கடி தண்ணீர் குடிக்கப் போகும் பிள்ளையைப் பாருங்கள். மற்றவர்கள் டிபன் டப்பாவைத் திறக்கும்போது புத்தகத்தைத் திறக்கும் பிள்ளையைப் பாருங்கள். முக்கியமாக, நீங்கள் கேட்பதற்கு முன்பே "நான் சாப்பிட்டேன் டீச்சர்" என்று சொல்லும் பிள்ளையைப் பாருங்கள். யாரும் கேட்காத கேள்விக்கு ஒரு பிள்ளை பதில் சொன்னால், அந்தக் கேள்வியை அதன் வயிறு கேட்டிருக்கிறது என்று பொருள்.

எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். நான் பெருமையாக வீடு திரும்பினேன். அந்த வாரம்தான் என் தங்கையின் கடிதம் வந்தது. நான் வீட்டில் மூத்தவள், அவள் கடைசி. எங்களுக்குள் பதினெட்டு வயது வித்தியாசம். அவள் கணவர் ராணுவத்தில் லாரி மெக்கானிக். ஒரே மகள் பாப்பா, பள்ளிக்கூடம் போகிறாள்.

*

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறாயா, அல்லது பாட்டிலை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

புது ஊருக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. கல்யாணமாகி இது ஐந்தாவது குவார்ட்டர்ஸ். பி வரிசையில் நான்காவது வீடு. எனக்கு முன்னால் இருந்தவள் சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளை எல்லாம் பற்பசை வைத்து அடைத்திருக்கிறாள். பாப்பா அவற்றை எண்ணிப் பார்த்து முப்பத்தொன்று என்றாள். அவர் வந்த ஐந்தாம் நாளே மலைக்குப் போய்விட்டார். குளிரில் லாரிகள் நின்றுவிடுகின்றனவாம். குடும்பத்தை அங்கே கூட்டிப்போக அனுமதி இல்லை.

நான் இரண்டு தையல் கம்பெனிகளில் வேலை கேட்டேன். "பட்டாளத்து வீட்டம்மாவா? நீங்க மெஷினைப் பழகறதுக்குள்ள ஊரை மாத்திடுவாங்களே" என்று சிரித்தே அனுப்பிவிட்டார்கள். அவருடைய மாற்றல் காகிதம் ஏதோ ஓர் அலுவலகத்தில் தங்கிவிட்டதால், அது வந்து சேரும்வரை பாதிச் சம்பளம்தானாம். வந்துவிடும். சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை.

போன் விழுந்து உடைந்துவிட்டது. அதனால் கடிதம்.

உன் அன்புத் தங்கை

*

ஜூன் 15

என் சின்னவளுக்கு,

உன் கடிதம் கண்டதில் முழங்கால் வலி பாதி போயிற்று. மீதிப் பாதிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டேன், போதுமா?

வேலை கிடைக்கவில்லை என்று சோர்ந்து போகாதே. நான் முதல் வருடம் பாடம் நடத்தியபோது பிள்ளைகள் ஜன்னலைத்தான் பார்த்தார்கள். மூன்றாம் வருடம் என்னைப் பார்த்தார்கள். பாதிச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவது ஒரு நல்ல கணக்குப் பாடம் என்று எடுத்துக்கொள். பாப்பாவுக்கு ஆறு கதைப் புத்தகமும் ஒரு பெட்டி வண்ணப் பென்சிலும் அனுப்பியிருக்கிறேன்.

போனைப் பழுது பார்க்கக்கூடவா ஆள் இல்லை அந்த ஊரில்? போகட்டும். ஆகஸ்டில் பத்து நாள் வந்து உன்னோடு இருக்கப்போகிறேன். டிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளைக்கு எழுதும்போது என் விசாரிப்பைச் சொல்.

அக்கா

*

ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தகங்கள் வந்தன. பாப்பா இடைவேளையில் படிக்கப் பள்ளிக்குக் கொண்டுபோகிறாள். இரண்டு முறை படித்து முடித்துவிட்டாள்.

இங்கே ஒரு செய்தி. எதிர்வீட்டில் டிரைவர் மனைவி இருக்கிறாள். குரல் லாரி ஹாரன் மாதிரி இருப்பதால் வரிசை முழுக்க அவளுக்கு "ஹாரன் அக்கா" என்றுதான் பெயர். அவர்களுக்குத் திடீரென்று மாற்றல் வந்துவிட்டது. எங்கள் பிழைப்பில் ஒரு வழக்கம் உண்டு, உனக்குத் தெரியுமா? சாமான் லாரியில் கட்டில், பெட்டி எல்லாம் ஏற்றுவார்கள். பிரித்த பொட்டலத்தையும் எண்ணெயையும் ஏற்ற மாட்டார்கள். கொட்டிவிடும், எறும்பு வந்துவிடும். அதனால் போகிறவர்கள் சமையலறையை அக்கம்பக்கத்தில் காலி செய்துவிட்டுப் போவார்கள். ஹாரன் அக்கா அரிசி, பருப்பு, பாதி டின் எண்ணெய் எல்லாம் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "வாங்கிக்கடி. இல்லாட்டி எலிக்குத்தான் போடணும். எலியைவிட நீ பரவாயில்ல" என்றாள். பாவம், வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லையாம்.

நான் இப்போது பால் சேர்ப்பதில்லை. ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் இளைத்திருக்கிறேன், அழகாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்டில் குவார்ட்டர்ஸ் கூரையைப் பிரித்து வேலை செய்யப்போகிறார்களாம். நீ அப்புறம் வரலாமே?

தங்கை

*

ஜூலை 20

சின்னவளுக்கு,

நலம்தானே? நான் என்ன சம்பந்தி வீட்டு விருந்தாளியா, கூரை இல்லாவிட்டால் கோவித்துக்கொள்ள? நீ பிறந்தபோது உன்னைத் தொட்டிலில் போட்டவள் நான். ஒழுகுகிற கூரையின் கீழ் எத்தனை பரீட்சை நடத்தியிருக்கிறேன்! டிக்கெட் கையில் வந்துவிட்டது. பன்னிரண்டாம் தேதி காலை வண்டி. எனக்குத் தனியாகச் சமைக்க வேண்டாம், நீங்கள் சாப்பிடுவதே போதும்.

அக்கா

*

ஆகஸ்டு 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். இப்போது வரவேண்டாம். காரணம் கேட்காதே. நானே கூப்பிடுகிறேன்.

ஹாரன் அக்காவின் மாற்றல் ரத்தாகிவிட்டது. கொடுத்ததைத் திருப்பித் தரப் போனேன். "குடுத்ததைத் திரும்ப வாங்கினா என் கைக்குப் புண்ணு வரும்" என்று கதவைச் சாத்திவிட்டாள். வழியனுப்புப் பரிசாகப் பழைய திரைச்சீலையில் நான் தைத்து வைத்திருந்த பையை மட்டும் வாங்கிக்கொண்டாள். இப்போது மூன்றாம் வீட்டில், மெஸ் சமையல்காரர் மனைவிக்கு மாற்றல் வந்திருக்கிறது. அவளும் சமையலறையைக் காலி செய்கிறாள். பி வரிசைக்கு யார் கண் பட்டதோ.

தங்கை

*

இந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. "வரவேண்டாம்" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் படவில்லை. வளர்த்தவளுக்கு இதுதான் மரியாதையா என்று டிக்கெட்டைக் கிழித்துப் போட்டேன். அடுத்து வந்த கடிதத்தையும் படித்துவிட்டு, கோபம் தீராமல் மேசை இழுப்பறையில் வைத்தேன்.

*

செப்டம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தானே? உன்னிடமிருந்து கடிதம் இல்லை. கோபம் என்று தெரிகிறது. நியாயம்தான்.

போன வாரம் பாப்பாவுக்குப் பள்ளியில் லேசாக மயக்கம் வந்தது. மூன்றாவது பீரியடில். வெயில்தான் காரணம். காலையில் சாப்பிட்டுத்தான் போனாள். இப்போது நன்றாக இருக்கிறாள்.

ஐந்தாம் வீட்டு வயர்லெஸ்காரருக்கும் மாற்றல் வந்திருக்கிறதாம்.

பெரியம்மா எப்போது வருவாள் என்று பாப்பா கேட்கிறாள்.

தங்கை

*

அக்டோபர் 2

டீச்சரம்மாவுக்கு வணக்கம்.

நான் எதிர்வீட்டு டிரைவர் சம்சாரம். உங்க விலாசம் கடுதாசி உறையில பார்த்து மனப்பாடம் பண்ணினது. எனக்கு எழுத்து நடை வராது, பேசற மாதிரியே எழுதறேன். தப்பு இருந்தா சிவப்பு மையில திருத்திக்குங்க.

உங்க தங்கச்சி வீட்டுல அடுப்பு ஒரு வேளைதான் எரியுது. அந்த ஒரு வேளையும் பிள்ளைக்குத்தான். இவ வெறும் வயித்துல கடுங்காப்பி. வீட்டுக்காரர்கிட்ட தையல் கம்பெனியில வேலை கிடைச்சிடுச்சுன்னு சொல்லி வச்சிருக்கா. அவரும் மலையில நிம்மதியா லாரிக்கு அடியில படுத்துக் கிடக்கறார்.

குடும்ப உதவி ஆபீஸ் இங்கேயே இருக்குது. போனா அரிசி தருவாங்க. ஆனா மனு பெரிய ஆபீசர் மேஜைக்குப் போகும், 'குடும்பத்தை நடத்தத் தெரியாதவன்'னு வீட்டுக்காரர் பேருல ஒரு வரி ஏறிடும்னு பயம். நிஜமா ஏறுமா ஏறாதான்னு இதுவரைக்கும் யாரும் போய்ப் பார்த்ததில்ல. எங்க எல்லாருக்கும் அதே பயம்தான்.

முதல்ல ஒரு கிண்ணம் குழம்பு குடுத்தேன். மறுநாள் கிண்ணத்தைக் கழுவி, அதுல சர்க்கரை போட்டுத் திருப்பிக் குடுத்தா. வீட்டுல இருந்த கடைசிச் சர்க்கரைன்னு பாப்பா வாயால தெரிஞ்சுது. இவளுக்குக் குடுத்தா நம்ம கிண்ணம் ரொம்பி இவ டப்பா காலியாயிடும்போல இருக்கேன்னு யோசிச்சுத்தான் மாற்றல்னு ஒரு பொய்யைக் கண்டுபிடிச்சோம். மாற்றல் சாமானை யாரும் வேணாங்க மாட்டாங்க பாருங்க. யாருக்கும் மாற்றல் இல்ல டீச்சரம்மா. மாசத்துக்கு ஒரு வீடு முறை வச்சுக்கிட்டோம். வயர்லெஸ்காரம்மாவுக்கு நடிப்பு வராது. மாற்றல்னு சொல்லிட்டுச் சிரிச்சுட்டா. நான் கிள்ளினதுல அழுதுட்டா, அதுவும் நல்லதாப் போச்சு, பிரிவுத் துயரம்னு உங்க தங்கச்சி நம்பிட்டா.

ஆனா இனி மாற்றல் ஆக வீடு இல்ல. எங்க டப்பாவும் அடி தெரியுது.

நீங்க கோவிச்சுக்கிட்டு ரெண்டு மாசமா எழுதலையாமே. தபால்காரர் வர்ற நேரத்துக்கு அவ வாசல்ல நிக்கறதைப் பார்த்திருந்தா கோவிச்சிருக்க மாட்டீங்க. அவளை நீங்க வரச்சொன்னா வரமாட்டா, பணம் அனுப்பினா திருப்பி அனுப்பிடுவா. எதாவது வழி பண்ணுங்க. நான் எழுதினேன்னு சொல்லிடாதீங்க.

இப்படிக்கு, ஹாரன் (எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டு இருக்காங்க)

*

அக்டோபர் 11

என் சின்னவளுக்கு,

சுகமா? பாப்பா சுகமா? கோபம் எல்லாம் ஒன்றுமில்லை, கையில் சுளுக்கு. அதனால்தான் எழுதவில்லை.

உன்னிடம் ஓர் உதவி வேண்டும். என் சமையலறை அலமாரியில் கரையான் ஏறிவிட்டது. மருந்து அடிக்கப்போகிறார்கள். மூன்று மாதத்துக்குச் சாமான் எதையும் உள்ளே வைக்கக்கூடாதாம். அரிசி, பருப்பு, பால் பவுடர் எல்லாவற்றையும் தூக்கிப் போட மனம் வரவில்லை. இரண்டு மூட்டையாகக் கட்டி லாரி ஆபீஸில் போட்டிருக்கிறேன். எனக்காக வாங்கி வைத்துக்கொள். கெட்டுப்போவதற்குள் பயன்படுத்திவிட்டால் எனக்குப் பெரிய உபகாரம்.

அக்கா

*

அக்டோபர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கைச் சுளுக்கு சரியாகிவிட்டதா என்று கேட்க மாட்டேன்.

அக்கா, உன் வீட்டு அலமாரி சிமெண்டில் கட்டியது. கரையான் அதை எப்படித் தின்னும்? முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளின் பொய்யைப் பிடித்தவளுக்கு ஒரு பொய்கூடச் சரியாகச் சொல்ல வரவில்லையே என்று முதலில் சிரித்தேன். பாப்பா ஓடிவந்து "என்னம்மா, என்னம்மா?" என்றாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. மூன்று மாதத்தில் மூன்று மாற்றல். மூன்றும் ரத்து. எந்த ராணுவத்தில் இப்படி நடக்கும்?

உடனே எழுந்து மூன்றாம் வீட்டுக்குப் போனேன். சமையல்காரர் மனைவி உள்ளே இருந்தாள். அவள் கணவர் மெஸ்ஸில் தினமும் நானூறு பேருக்குச் சமைக்கிறார். அவள் அடுப்பில் கஞ்சித் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அலமாரியில் டப்பாக்கள் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தன. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "கழுவிக் காயவச்சிருக்கேன்" என்றாள்.

"எல்லாத்தையும் ஒரே நாள்லயாக்கா?" என்றேன்.

அவள் முந்தானையால் அடுப்பு மேடையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

நான் மானத்தோடு இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன் அக்கா. மூன்று வீட்டுச் சமையலறையைத் தின்றிருக்கிறேன். பாப்பாவுக்கு வந்தது வெயில் மயக்கம் இல்லை. எனக்குப் பால் ஒத்துக்கொள்ளும். போன் உடையவில்லை, விற்றுவிட்டேன். விற்காவிட்டாலும் பேசியிருக்க மாட்டேன். பேசினால் என் குரலில் நீ கண்டுபிடித்துவிடுவாய். கூரையை யாரும் பிரிக்கவில்லை. நீ வந்து பத்து நாள் உட்கார்ந்தால் உனக்கு என்ன போடுவேன் என்றுதான் வரவேண்டாம் என்றேன்.

அவருக்கும் இன்று உண்மையை எழுதிவிட்டேன். மனுவும் எழுதிவிட்டேன். தனியாகப் போகப் பயமாக இருந்தது. நாங்கள் நால்வரும் சேர்ந்தே நாளை குடும்ப உதவி அலுவலகத்துக்குப் போகிறோம். "ஒருத்தி போனா வீட்டுக்காரன் பேருல வரி ஏறும். நாலு பேர் போனா ஆபீசர் பேருல ஏறட்டும்" என்கிறாள் ஹாரன் அக்கா.

உன் மூட்டைகள் வந்தால் நான்காகப் பிரிப்பேன். கோவித்துக்கொள்ளாதே.

தங்கை

*

நவம்பர் 2

என் கண்ணே,

நலமா என்று கேட்கப் பேனா தயங்குகிறது. உண்மையைச் சொல்வாய் என்றால் கேட்கிறேன்.

உன் ஜூன் மாதக் கடிதத்தை இன்று எடுத்துப் படித்தேன். "சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை" என்று எழுதியிருக்கிறாய். நான் கேட்கவே இல்லை. மேடையில் ஊருக்கெல்லாம் சொன்ன பாடம். என் வீட்டுக்கு வந்த விடைத்தாளைத் திருத்தத் தெரியாமல் போயிற்று. பசியோடு இருந்த பிள்ளைக்கு ஆறு கதைப் புத்தகம் அனுப்பினேன். அது என் நெஞ்சில் ஆணியாக நிற்கிறது. அதை எந்தப் பற்பசையாலும் அடைக்க முடியாது.

நான்காகத் தாராளமாகப் பிரி. அடுத்த மூட்டை கிளம்பிவிட்டது. இந்தத் தடவை கரையான் இல்லை. அக்கா அனுப்புகிறாள், அவ்வளவுதான்.

அக்கா

*

ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பா ஒரு கிலோ கூடியிருக்கிறாள். நான் பால் விட்டுக் காப்பி குடித்துக்கொண்டே இதை எழுதுகிறேன். உறையின் ஓரத்தில் கறை இருந்தால் அதுதான் சாட்சி.

உதவி அலுவலகத்தில் இரண்டு மாதம் அரிசியும் மாவும் கொடுத்தார்கள். யார் பேரிலும் வரி ஏறவில்லை. அங்கே இருந்த எழுத்தர் எங்களைப் பார்த்து, "இத்தனை நாள் ஏன்மா வரலை? நாங்க ஈ ஓட்டிட்டு உட்கார்ந்திருந்தோம்" என்றார். நாங்கள் எத்தனை நாள் வீணாகப் பயந்திருக்கிறோம்! மாற்றல் காகிதம் பழைய ஊரில் ஒரு பெட்டிக்குள்ளேயே கிடந்ததாம். முழுச் சம்பளம் இந்த மாதம்தான் வந்தது. அவர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "மெக்கானிக்கிட்டயே இன்ஜின் சத்தத்தை மறைச்சுட்டியே." அதற்கப்புறம் இரண்டு மாதம் எழுதவில்லை. நீ கோபித்திருந்தபோது எனக்கு வலித்ததைவிட இது அதிகம் வலித்தது. நேற்றுத்தான் அடுத்த கடிதம் வந்தது. முதல் வரியே "இன்னிக்கு என்ன சாப்பிட்டே, பட்டியல் போட்டு எழுது" என்று. போட்டு அனுப்பிவிட்டேன்.

அப்புறம் அக்கா, எனக்கு மாற்றல் வந்திருக்கிறது.

பயப்படாதே. நான் எங்கேயும் போகவில்லை. ஏழாம் வீட்டுக்குப் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள். கைக்குழந்தை. கணவனை வந்த வாரமே மலைக்கு அனுப்பிவிட்டார்கள். குழாயடியில் பார்த்து, "எல்லாம் வசதியா இருக்கா?" என்றுதான் கேட்டேன். "நாங்க நல்லா சாப்பிடறோம் அக்கா" என்றாள்.

உதவி அலுவலகத்தைப் பற்றிச் சொன்னேன். "எங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். என்னை நானே பார்த்த மாதிரி இருந்தது. இன்னொரு நாள் கையைப் பிடித்துக் கூட்டிப்போவேன். அதுவரைக்கும் வயிறு காத்திருக்காதே. அதனால் அரிசி, பருப்பு, உன் பால் பவுடர் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு மாற்றல் என்று போய் நின்றேன். "எந்த ஊருக்கு?" என்று கேட்டுவிட்டாள். அதை நான் யோசித்து வைக்கவில்லை. உன் ஊரைச் சொல்லிவிட்டேன். உடனே அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "தனியா எப்படிக்கா பெட்டி கட்டுவீங்க? நான் வர்றேன்" என்று என் பின்னாலேயே வந்துவிட்டாள். மூன்று மணி நேரம் உட்கார்ந்து என் வீட்டுப் பாத்திரம், துணி, பாப்பாவின் புத்தகம் எல்லாவற்றையும் அழகாகப் பெட்டியில் அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டாள். பட்டாளத்து முடிச்சு, அவிழ்க்கவே முடியவில்லை. சனிக்கிழமைதான் ரத்து வரவேண்டும். அதுவரை ஹாரன் அக்கா வீட்டுத் தட்டில்தான் சாப்பிடுகிறோம். "இதுக்குத்தான் முன்அனுபவம் உள்ளவங்ககிட்ட யோசனை கேட்கணும்ங்கறது" என்று வரிசைக்கே கேட்கும்படி கத்துகிறாள்.

யாராவது விசாரித்தால் நான் உன் ஊருக்கு வருகிறேன் என்றே சொல்.

நீ எப்போது வருகிறாய்? கூரை கெட்டியாக இருக்கிறது.

உன் தங்கை

*

டிக்கெட் வாங்கிவிட்டேன். இந்தத் தடவை கிழிக்க மாட்டேன்.

கிளம்புவதற்கு முன் ஒரு சின்ன வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். தொலைவில் இருக்கும் உங்கள் சொந்தத்திலிருந்து கடைசியாக வந்த கடிதத்தையோ செய்தியையோ எடுங்கள். ஒரு பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்காமலே அவர்கள் பதில் சொல்லியிருக்கும் வரியை மட்டும் எழுதி, அதன் கீழ் ஒரு கோடு போடுங்கள்.